கணக்கில் ஏறாத மைல்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சரக்கு லாரிக் கம்பெனி ஒன்றில் டிரைவர் உத்தியோகத்துக்கு மனுச் செய்கிறவர், பெயர், விலாசம், லைசென்ஸ் எண் ஆகியவற்றை எழுதி முடித்த கையோடு, கடந்த 3 ஆண்டுகளில் தாம் யார் யாரிடம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை பார்த்தார் என்பதையும், அதற்கு முந்திய 7 ஆண்டுகளில் எவருடைய வர்த்தக வாகனங்களை ஓட்டினார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதித் தர வேண்டும். இது கம்பெனியின் சொந்த ஏற்பாடு அன்று. மத்திய சர்க்காரின் விதி. 80,000 பவுண்டு எடையுள்ள வண்டியை, குழந்தை குட்டிகளோடு மக்கள் காரில் போகும் நெடுஞ்சாலையில் ஒரு மனிதனிடம் ஒப்படைக்கிறபோது, அவன் நேற்று வரை எங்கே இருந்தான், என்ன ஓட்டினான் என்று கேட்பதில் பிசகு ஒன்றும் இல்லை. இடையில் சில மாதம் வெற்றாகக் கிடந்தால், அதற்கும் காரணம் சொல்லும்படி கம்பெனிகள் வற்புறுத்துவது வழக்கமாகிவிட்டது.

அந்த வெற்றிடத்தில் சிலர் வியாதியை எழுதுகிறார்கள். சிலர் தாயாருக்குப் பணிவிடை செய்ததை எழுதுகிறார்கள். சிறைவாசத்தை எழுதுகிறவர்களும் உண்டு. இவர்களோடு ஒரே வரிசையில், அதே வெற்றிடத்தில், தேசத்தின் உத்தரவுப்படி கடல் கடந்து யுத்தத்துக்குப் போய்வந்ததை எழுதுகிறவர்களும் நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களுடைய வேலையைக் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதுவும் நல்ல சட்டமாகவே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய அனுபவத்தைக் காப்பதற்கு அதே சட்டம் ஏன் முழுதும் போதவில்லை என்பதே இங்கே ஆராயத்தக்க விஷயம்.

அமெரிக்க ராணுவத்தில் முழுநேரச் சிப்பாய்களைத் தவிர, நேஷனல் கார்டு என்றும் ரிசர்வ் என்றும் வழங்கும் இரு படைகள் உண்டு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், ஆண்டில் சுமார் இரண்டு வாரமும் பயிற்சி பெற்று, மற்ற நாட்களில் கடைக்காரராகவும் உபாத்தியாயராகவும் லாரி டிரைவராகவும் ஜீவனம் செய்கிறவர்கள் இவற்றில் இருக்கிறார்கள். ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவுகளில் பெரும்பகுதி இந்தப் பகுதிநேரப் படைகளிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. சமாதான காலத்தில் ஆயிரக்கணக்கான லாரிகளையும் டிரைவர்களையும் சும்மா வைத்துச் சோறு போடுவானேன் என்ற சிக்கன புத்தியே இதற்குக் காரணம். ஆகவே 2003ஆம் ஆண்டில் இராக் யுத்தம் மூண்டபோது, குவைத்திலிருந்து வடக்கு நோக்கி, 'டாம்பா' என்று படையினர் பெயரிட்டிருந்த பிரதான விநியோகச் சாலையில், தண்ணீரும் எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்ற வண்டிகளின் சக்கரத்தைப் பிடித்தவர்களில் பலர், சில மாதங்களுக்கு முன்புவரை ஒஹையோவிலோ இல்லினாயிலோ மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்.

அந்தச் சாலையில் ஓட்டுவது எத்தகைய காரியம் என்பதற்கு ஒரு சம்பவமே போதும். 2004 ஏப்ரல் 9, புனித வெள்ளிக்கிழமை. இல்லினாயைச் சேர்ந்த ரிசர்வ் படையான 724ஆவது போக்குவரத்துக் கம்பெனியின் சிப்பாய்களும், கே.பி.ஆர். என்ற ஒப்பந்த நிறுவனத்தின் சாதாரண டிரைவர்களும் ஒன்றாகச் சேர்ந்து பாக்தாத் விமான நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோனபோது, அபு கிரைப் அருகே மறைந்திருந்தவர்கள் தாக்கினார்கள். டாங்கர்கள் தீப்பற்றி எரிந்தன. சிப்பாய்களும் டிரைவர்களும் மாண்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவரான மிசிசிப்பி மாநிலத்துத் தாமஸ் ஹாமில், மே மாதம் 2ஆம் தேதி தப்பி வந்து அமெரிக்கப் படையினரிடம் சேர்ந்தார். அன்று அந்தச் சாலையில் சில மைல் தூரம் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக் கரைசேர்த்தவனுக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று கணக்குப் போடுவது, என் அபிப்பிராயத்தில், எந்தக் காரியாலயத்துக்கும் எளிதான வேலை அன்று.

வண்டிகளும் அற்பமானவை அல்ல. எம் 1070 என்ற இழுவண்டியும் அதன் பின்னே பூட்டிய எம் 1000 டிரெய்லரும் சேர்ந்து, சுமார் 70 டன் எடையுள்ள ஏப்ரம்ஸ் டாங்கியைச் சுமந்து செல்லும். அந்த டிரெய்லருக்கு மட்டும் 40 டயர்கள். உள்நாட்டில், விசேஷ அனுமதி பெறாத லாரி ஒன்று சரக்கும் வண்டியுமாகச் சேர்ந்தே 36 டன்னைத் தாண்டக் கூடாது. உள்நாட்டில் தமக்கு அனுமதியுள்ள பாரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் இழுத்தவர்கள், திரும்பி வந்து, 'அண்மைக் காலத்தில் டிரெய்லர் ஓட்டிய அனுபவம் இல்லை' என்ற பதிலைக் கேட்கிறார்கள்.

நகரும் படிக்கட்டு

யுத்தத்துக்குப் போனவனுக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற கொள்கை, அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டுக் கட்டாய ராணுவப் பயிற்சிச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அதற்கு உருவம் கொடுத்த வழக்கு, வேடிக்கை என்னவென்றால், சிப்பாய் தோற்றுப்போன வழக்கு. பிஷ்கோல்டு என்ற பற்றவைப்புத் தொழிலாளி, ராணுவ சேவை முடிந்து புரூக்ளின் நகரத்துக் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார். வேலை குறைந்த நாட்களில், தம்மைவிட நீண்ட சேவையுள்ள, ராணுவத்துக்கே போகாத தொழிலாளிகளை வைத்துக்கொண்டு தம்மை வீட்டுக்கு அனுப்பியது அநியாயம் என்று வழக்குத் தொடுத்தார். 1946 மே 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு எழுதிய நீதிபதி டக்ளஸ் அவர் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் அவர் காட்டிய ஓர் உவமை இன்றளவும் நிலைத்து நிற்கிறது. சேவை மூப்பு என்பது ஒரு நகரும் படிக்கட்டு. போருக்குப் போனவன் திரும்பி வந்து ஏறுகிறபோது, தான் இறங்கிய படியில் ஏறுவதில்லை. இறங்காமலே இருந்திருந்தால் இந்நேரம் எந்தப் படியில் நின்றிருப்பானோ அந்தப் படியில் ஏறுகிறான். அவனுக்கு அதற்கு மேலே இடமில்லை, கீழேயும் இல்லை.

இந்தக் கொள்கையின் மேல் எழுப்பப்பட்டதே 1994 அக்டோபர் 13ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட, யுசெர்ரா என்று சுருக்கமாக வழங்கும் மறுவேலைச் சட்டம். ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். ஒரு முதலாளியிடம் மொத்தம் 5 ஆண்டுகளுக்கு உட்பட்ட ராணுவ சேவைக்கு, சில விலக்குகளோடு, அது பாதுகாப்புத் தருகிறது. 180 நாட்களுக்கு மேல் சேவை செய்தவர், விடுபட்ட பின் 90 நாட்களுக்குள் பழைய வேலையைக் கேட்டால் போதும். வேலையில் சேர்ந்தபின் ஓராண்டு வரை தக்க காரணமின்றி அவரை நீக்கவும் முடியாது. போகிறபோது ராஜிநாமாக் கடிதம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரியாத்தனமாகக் கொடுத்துவிட்டாலும் உரிமை போய்விடாது. சேவை நாட்களில் அவரை விடுப்பிலே இருக்கும் ஊழியராகவே கருத வேண்டும்.

லாரி டிரைவருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. அமெரிக்க நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. ஆண்டுகள் ஏற ஏற அந்த சென்ட்டும் ஏறும். அந்த ஏற்றம் சேவை ஆண்டுகளைப் பொறுத்ததாயிருந்தால், ஓராண்டு இராக்கில் இருந்துவிட்டு வந்தவருக்கு, இராக்குக்குப் போகாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைத் தர வேண்டும். கை சற்றே பழக்கம் விட்டுப்போயிருந்தால், தகுந்த பயிற்சியை முதலாளியே தம் செலவில் தந்து அவரைத் தயார்ப்படுத்த வேண்டும். இது சாதாரணக் கடமை அன்று. 2017 டிசம்பர் 18 முதல் வேலை நேரத்தைத் தானே பதிவு செய்யும் மின்னணுக் கருவி கட்டாயமானபோதும், 2020 ஜனவரி 6 முதல் போதைப்பொருள் சோதனை முடிவுகளுக்கு மத்தியக் களஞ்சியம் ஏற்பட்டபோதும், அந்த இடைவேளையில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் தொழிலையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. 30 நாட்களுக்கு மேல் சோதனைத் திட்டத்துக்கு வெளியே இருந்தவர் ஆகையால், புதிதாக வேலைக்கு வருகிறவரைப் போலவே அவருக்கும் சோதனை செய்தாக வேண்டும்; ராணுவத்தில் செய்த சோதனை கணக்கில் சேராது. இத்தனையும் பழைய முதலாளியிடமே திரும்புகிறவருக்குச் சிறிய சிரமங்கள்தாம். அவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

ஆனால் படிக்கட்டே இல்லாதவனை எந்தப் படியில் ஏற்றுவது?

யுத்தத்துக்குப் போய் மீண்ட டிரைவர்களின் கதையில் இந்தக் கேள்வி புதியது அன்று. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்சில் நார்மண்டியிலிருந்து முன்னேறிய அமெரிக்கப் படைகளுக்கு எண்ணெயும் உணவும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்த்த 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி ஏற்பாட்டில், உச்ச நாட்களில் சுமார் 6,000 வண்டிகள் ஓடின. ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் சரக்குப் போய்ச் சேர்ந்தது. 4 லட்சம் டன்னுக்கு மேல் மொத்தச் சரக்கு. அந்த டிரைவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகே லாரி ஓட்டக் கற்றவர்கள். இரவில் விளக்கை மறைத்து, உறக்கமின்றி, சேற்றிலும் மழையிலும் ஓட்டி அவர்கள் சம்பாதித்த தேர்ச்சியை உலகத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெற்றிருக்க முடியாது. அவர்கள் ஊர் திரும்பியபோது, நெடுந்தூர லாரி உத்தியோகம் அவர்களுக்குப் பெரும்பாலும் அடைத்த கதவாகவே இருந்தது. 1977இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த டீம்ஸ்டர்ஸ் சங்க வழக்கின் ஆவணங்களில் இதற்குச் சாட்சி இருக்கிறது. நாடு முழுதும் லாரி ஓட்டிய டி.ஐ.எம்.இ.-டி.சி. என்ற கம்பெனியில் 1971 மார்ச் 31 அன்று 1,828 நெடுந்தூர டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 8 பேர். அந்த எட்டுப் பேரும் வழக்கு ஆரம்பமான பிறகு சேர்க்கப்பட்டவர்கள். ஒரே ஒருவரைத் தவிர, 1969 வரையில் அந்தக் கம்பெனி எந்தக் கறுப்பினத்தவரையும் நெடுந்தூர ஓட்டத்துக்கு நிரந்தரமாக வைத்ததில்லை.

நிறத் துவேஷமும் ராணுவ சேவையும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். இவற்றைக் குழப்புவது என் நோக்கமும் அன்று. ஆனால் சட்டத்தின் சுபாவம் ஒன்று இதிலிருந்து நன்றாக விளங்குகிறது. 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பு, யுத்தத்துக்கு முன்னே ஒருவன் பெற்றிருந்த இடத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. யுத்தத்திலே அவன் புதிதாகச் சம்பாதித்ததை அது கண்டுகொள்ளவில்லை. சட்டம் காத்தது ஸ்தானத்தை, சாமர்த்தியத்தை அன்று. அந்தக் குறை இன்றைக்கும், வேறு வேஷத்தில், அப்படியே இருக்கிறது.

புதிய வாசலில்

லாரித் தொழிலில் பழைய வாசலுக்கே திரும்பிப் போகிறவர்கள் குறைவு. பெரிய நெடுந்தூரக் கம்பெனிகளில் ஓராண்டில் விட்டுப்போகிற டிரைவர்களின் விகிதம் பல ஆண்டுகளில் 90 சதவீதத்தை ஒட்டியிருந்ததாகத் தொழிற்சங்கங்கள் அல்ல, லாரி முதலாளிகளின் சங்கமே கணக்குச் சொல்லியிருக்கிறது. அன்றியும், கம்பெனியே காணாமல் போவதும் உண்டு. 2019 டிசம்பரில் செலடான் என்ற பெரிய நிறுவனம் திவாலானபோது ஆயிரக்கணக்கான டிரைவர்கள் சாலையிலேயே வேலை இழந்தார்கள். 2023ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு நூற்றாண்டை நெருங்கிய எல்லோ நிறுவனம் சுமார் 30,000 பேரின் உத்தியோகத்தோடு மூடப்பட்டது. வேலையைத் திருப்பித் தர இயலாதபடி முதலாளியின் நிலைமை மாறிவிட்டால் யுசெர்ரா அவரை வற்புறுத்துவதில்லை. கதவு இல்லாத சுவரில் சட்டப் புத்தகத்தால் தட்டி என்ன பயன்?

ஆகவே டிரைவர் புதிய கம்பெனியின் முன் நிற்கிறார். அங்கே அவரைக் கேட்பவர் முதலாளி மட்டும் அல்லர். முதலாளிக்குப் பின்னே இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்கிறது. சாதாரணச் சரக்கு ஏற்றும் லாரிக் கம்பெனி குறைந்தது 7,50,000 டாலருக்கு விபத்துப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி விதி ஏற்பட்டது. அந்தப் பாலிசியை எழுதுகிறவர்கள், எத்தகைய டிரைவரை வண்டியில் ஏற்றலாம் என்பதற்குத் தாமே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கடந்த 3 ஆண்டுகளில் ஓராண்டு, சிறிய கம்பெனியானால் இரண்டாண்டு, டிரெய்லர் ஓட்டியதாகச் சரிபார்க்கக்கூடிய அனுபவம் வேண்டும் என்பது வழக்கமாகக் காணும் நிபந்தனை. ஆறு ஆண்டு பிசகின்றி ஓட்டிய ஒருவர், பயிற்சிக்கும் போர்முனைக்கும் திரும்பி வந்து இளைப்பாறுவதற்குமாக ஒன்றரை ஆண்டைச் செலவழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றாண்டு ஜன்னலில் பாதி இருண்டுவிடுகிறது. இரண்டு முறை அழைக்கப்பட்டவருக்கு ஜன்னல் முழுவதுமே இருட்டு. அவர் போனது மருத்துவ உதவியாளராகவோ காவல் சிப்பாயாகவோ என்றால், 'சக்கரத்தைத் தொடவில்லை' என்ற சொல்லுக்கு மறுப்பும் கிடையாது. அப்போது, நேற்றுப் பள்ளியில் பாஸ் செய்த இளைஞனோடு சேர்ந்து புத்தாக்கப் பயிற்சிக்கும், பயிற்சியாளனுக்கு உரிய குறைந்த கூலிக்கும் அவர் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

ராணுவத்திலேயே லாரி ஓட்டியவர் நிலைமை இதைவிடச் சிக்கலானது. மிசௌரி மாநிலத்துப் போர்ட் லெனர்ட் வுட் முகாமில் பயிற்சி பெற்று, 88 எம் என்ற எண்ணால் குறிக்கப்படும் மோட்டார் போக்குவரத்துச் சிப்பாய்க்கு, டிரைவர் பதக்கம் பெறும் தகுதி ஒன்று உண்டு: தொடர்ந்து 12 மாதமோ, அல்லது 8,000 மைலோ, விபத்தும் குற்றமும் இன்றி ஓட்டியிருக்க வேண்டும். ராணுவத்துக்கு 8,000 மைல் பெரிய தூரம். உள்நாட்டு நெடுந்தூர டிரைவரோ ஓராண்டில் லட்சம் மைல் ஓட்டுகிறவர். 8,000 மைல் அவருக்கு ஒரு மாத வேலை. இரு கணக்கும் மெய்யான கணக்குகளே. துணைவண்டிகள் புடைசூழ, மெதுவாக, ஒவ்வொரு பாலத்தையும் சந்தேகத்தோடு பார்த்து ஓடிய மைலை, சிகாகோவிலிருந்து டல்லஸ் வரை ஓடிய மைலோடு எந்தத் தராசில் நிறுப்பது? இன்ஷூரன்ஸ் குமாஸ்தாவிடம் அப்படிப்பட்ட தராசு இல்லை. இல்லாததால் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார். பூஜ்யம் என்பது நிச்சயமாகத் தவறான எண் என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன்.

அந்தக் குமாஸ்தாவின் பயம் முழுவதும் கற்பனையும் அன்று. ராணுவக் குடும்பங்களுக்கே இன்ஷூரன்ஸ் செய்யும் யு.எஸ்.ஏ.ஏ. என்ற நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெளிநாட்டுச் சேவையிலிருந்து திரும்பியபின் 6 மாதத்தில், போவதற்கு முந்திய 6 மாதத்தைக் காட்டிலும், சிப்பாய்கள் தம் தவறால் விளைத்த கார் விபத்துகள் 13 சதவீதம் அதிகம் என்று கண்டது. சாலையின் நடுவே ஓட்டுவதும், எதிலும் நிற்காமல் போவதும், ஓரத்தில் கிடக்கும் குப்பையைக் கண்டு சட்டென்று விலகுவதும் இராக்கில் உயிரைக் காத்த பழக்கங்கள். ஒஹையோவில் அவையே விபரீதம். ஆனால் இந்த ஆராய்ச்சி சுட்டுவது என்ன? சில மாதம் உடன் ஒருவர் அமர்ந்து ஓட்டிப் பார்க்கும் மறுபழக்கம் வேண்டும் என்பதையே. பழைய ஆறு ஆண்டை அழித்துவிட வேண்டும் என்பதை அன்று.

இங்கே சட்டத்தின் வேறொரு பிரிவை ஆதாரமாகக் கொள்ளலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். ராணுவ சேவையைக் காரணமாக வைத்துப் புதிதாக வேலை தர மறுப்பதையும் யுசெர்ரா தடுக்கிறது. சேவையும் ஒரு தூண்டுகோலாக இருந்தது என்று காட்டிவிட்டால், அது இல்லாமலும் தாம் அப்படியே முடிவு செய்திருப்போம் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியின் மேல் விழுகிறது. ஆனால் புதிய முதலாளி நிதானமாகச் சொல்வார்: "நீர் ராணுவத்துக்குப் போனீர் என்பதற்காக நான் மறுக்கவில்லை, மூன்றாண்டில் ஓராண்டு ஓட்டவில்லை என்பதற்காக மறுக்கிறேன், ஓராண்டு வீட்டிலே இருந்தவருக்கும் இதையேதான் சொல்வேன்." விதியின் எழுத்தை நோக்கினால் இந்தப் பதிலை அசைப்பது கஷ்டம். நியாயத்தை நோக்கினால், அந்த ஓராண்டு அவர் வீட்டில் இருந்த ஓராண்டு அன்று என்பதை அறியாதவர் யார்?

காகிதத்தின் அதிகாரம்

லாரித் தொழிலில் 'டாக்' என்று எல்லோரும் சொல்லும் அறிக்கை ஒன்று உண்டு. ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில் தோன்றி, இன்று ஹயர்ரைட் நிறுவனத்தின் வசம் இருக்கும் இந்த ஏற்பாட்டில், டிரைவர் விட்டுப்போகும்போது பழைய கம்பெனி அவரைப் பற்றி எழுதியனுப்புகிறது: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார், ஏன் விலகினார், மறுபடி சேர்த்துக்கொள்வார்களா, விபத்து உண்டா. ராணுவ உத்தரவு வந்து அவசரமாகப் புறப்பட்டவரின் ஏட்டில் 'தானாக விலகினார்' என்று ஒரு குமாஸ்தா எழுதிவிட்டால், அல்லது வண்டியை வழியிலே விட்டுப்போனார் என்ற பொருளில் ஒரு குறிப்பு ஏறிவிட்டால், அவர் பாலைவனத்தில் இருக்கும் காலமெல்லாம் அந்த வாசகம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். சட்டப்படி விடுப்பிலே இருப்பவர், ஏட்டின்படி ஓடிப்போனவர்.

இதற்குப் பரிகாரம் உண்டு. 1970ஆம் ஆண்டின் நாணய அறிக்கைச் சட்டம் இத்தகைய ஏடுகளுக்கும் செல்லும். தவறென்று மனுச் செய்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் மறுவிசாரணை செய்தாக வேண்டும். மத்திய லாரிப் பாதுகாப்பு விதியின்படியும், பழைய முதலாளி தந்த பாதுகாப்புச் சரித்திரத்தைப் பார்க்கவும், திருத்தக் கேட்கவும், திருத்த மறுத்தால் தம் மறுப்பை அதனுடன் இணைக்கவும் டிரைவருக்கு உரிமை இருக்கிறது. திருத்தக் கோரிக்கைக்கு அந்த முதலாளி 15 நாட்களில் பதில் தர வேண்டும். உரிமைகள் இத்தனை இருந்தும், ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காத டிரைவருக்கு அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

லைசென்ஸ் விஷயத்தில் சர்க்கார் காட்டிய சிரத்தையைப் பாராட்ட வேண்டும். ராணுவ வண்டியை ஓட்டும் சிப்பாய்க்கு வர்த்தக லைசென்ஸ் தேவையில்லை என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள விலக்கு. அதனால் 70 டன் இழுத்தவர்கூட ஊர் திரும்பியதும் பள்ளி மாணவனைப் போலச் சாலைப் பரீட்சைக்கு நிற்க வேண்டியிருந்தது. 2011இல் இந்தப் பரீட்சையை, 2 ஆண்டு அத்தகைய வண்டி ஓட்டிய சிப்பாய்களுக்கு மாநிலங்கள் தள்ளுபடி செய்யலாம் என்று விதி வந்தது. விடுபட்ட 90 நாட்களுக்குள் கேட்க வேண்டும் என்றிருந்த கெடு, 2016இல் ஓராண்டாக நீண்டது. 2018இல் எழுத்துப் பரீட்சையையும் தள்ளுபடி செய்ய வழி பிறந்தது. இவை நல்ல சீர்திருத்தங்கள். ஆனால் இவை கொடுப்பது லைசென்ஸ். அனுபவ மாதங்களை இவை கொடுப்பதில்லை. சர்க்கார் அவரை நம்பி லைசென்ஸைக் கையில் கொடுத்துவிடுகிறது, இன்ஷூரன்ஸ்காரர் அதை வாங்கிப் பார்த்து, "எத்தனை மாதம்?" என்று கேட்கிறார். ராணுவத்தில் கனரக வண்டி ஓட்டிய காலத்தை அனுபவமாகவே ஏற்றுக் கூலி நிர்ணயிக்கும் பெரிய கம்பெனிகள் சில இருக்கின்றன. பெரும்பாலும் அவை தம் விபத்து நஷ்டத்தின் கணிசமான பகுதியைத் தாமே தாங்கிக்கொள்ளும் வசதி படைத்தவை. ஐந்து லாரி வைத்திருக்கும் சிறிய முதலாளி மனத்தால் எவ்வளவு தேசபக்தராயினும், பாலிசியை மீறி ஒருவரை ஏற்ற அவரால் ஆகாது.

சொந்த லாரி வைத்துக் கம்பெனிக்கு ஓட்டுகிறவர்கள் பாடு தனி. அவர்கள் ஊழியர்கள் அல்லர், சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்று முடிவானால், யுசெர்ரா அவர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 2003ஆம் ஆண்டின் படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது: சேவைக்கு முன் வாங்கிய கடனுக்கு வட்டி 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் தடுக்கலாம், தவணை செலுத்தி வந்த லாரியைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் பறிமுதல் செய்ய முடியாது. லாரி தப்பலாம். அதை நிறுத்திவைத்த இடத்தில் புல் முளைத்த ஓராண்டுக்கு அனுபவக் கணக்கில் என்ன எழுதுவது என்பதற்கு அந்தச் சட்டத்திலும் விடை கிடையாது.

இந்தக் குறையைத் தீர்ப்பது பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றாண்டு என்ற ஜன்னலை, சேவைக் காலத்தைக் கழித்துவிட்டு, அதற்கு முந்திய நாட்களுக்குப் பின்தள்ளி வைக்கலாம்; ராணுவத்தில் ஓட்டிய மைலுக்கு ஒரு விகிதம் வகுக்கலாம்; மறுபழக்கத்தின் செலவைச் சர்க்கார் ஏற்கலாம். பரீட்சையைத் தள்ளுபடி செய்யத் துணிந்த சர்க்கார், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து இதைப் பேசுவதற்குத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் புலப்படவில்லை.

அதுவரையில் டிரைவர் தம் காகிதங்களையே நம்பியிருக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் தொடர்ந்து சேவை செய்த ரிசர்வ் சிப்பாய்க்கும் விடுபடும்போது கிடைக்கும் டி.டி. 214 என்ற சான்றில், 11ஆம் கட்டத்தில் அவருடைய தொழில் எண்ணும், அதில் அவர் இருந்த ஆண்டும் மாதமும் பதிந்திருக்கும். ஆனால் எந்த வண்டி, எத்தனை மைல் என்பது இராது. அவை 348ஆம் எண்ணுள்ள ஓட்டுநர் தகுதிப் பதிவேட்டிலும், படைப்பிரிவின் ஓட்டக் குறிப்புகளிலும் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டின் பிரதியையும், ஓட்டிய வண்டியின் எடை, பூட்டிய டிரெய்லரின் வகை, விபத்தின்மை ஆகியவற்றைக் கண்டு மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதத்தையும் முகாமை விட்டுப் புறப்படுமுன்னே கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். பழைய வேலையைக் கேட்பதற்குரிய 90 நாளும், பரீட்சைத் தள்ளுபடிக்குரிய ஓராண்டும் விடுபட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகின்றன. திரும்பி வந்தவர் முதல் சில வாரங்களைப் பெண்டு பிள்ளைகளோடு கழிக்கத்தான் விரும்புவார். அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் கையெழுத்திட வேண்டிய அந்த மேலதிகாரி, அடுத்த மாதமே ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ மாற்றலாகிப் போய்விடக்கூடும்.